படம் வேண்டாம், பள்ளியறைக்கு நாயனம் வேண்டும்

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் அறங்காவலர் குழுவினருக்கும், செயல் அலுவலர் அவர்களுக்கும், திருவிழாக் கமிட்டி அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

மாசி மகத்தன்று வெளி மண்டபத்தில், 38 வருஷம் நம் கோயிலில் நாயனம் (நாதஸ்வரம்) வாசித்து மறைந்த என் மாமாவின் படத்தைத் திறந்துவைக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். குடும்பத்தின் சார்பில் நான் 10 நிமிடம் பேச வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தம்பியை ஊர் மறக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த அன்புக்கு எங்கள் நன்றி. ஆனால் மேடையில் ஏறினால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். சொல்ல நினைத்ததில் கால்வாசிகூட வெளியே வராது. அதனால் எழுதுகிறேன். ஊரார் எல்லோரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

அவர் எனக்குத் தாய்மாமன். காது குத்தும்போது என்னை மடியில் வைத்துக்கொண்டவர். 9 வயதில் நாயனத்தைக் கையில் கொடுத்த குரு. பிறகு நான் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான காலத்தில், தினம் ராத்திரி, சாமியைத் தூங்கவைக்கும் பள்ளியறைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் போன் பண்ணிப் பேசுகிற சிநேகிதர். பதினாறு நாளும் இவர்களில் யாரை நினைத்து அழுகிறேன் என்று எனக்கே பிடிபடவில்லை.

போன கார்த்திகை மூன்றாம் சோமவாரத்தன்று சங்காபிஷேகத்துக்கு வாசித்தார். ராத்திரி பள்ளியறைக்கும் வாசித்தார். வீட்டுக்கு வந்து மோர் சாதம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்தவர் விடியற்காலையில் எழுந்திருக்கவில்லை. வடக்கு வீதியில் சாவு விழுந்ததால் அன்று காலையில் கோயில் நடை திறக்கவில்லை. குருக்கள் தெரு முனை வரைக்கும் வந்து, அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். வீதியிலிருந்து எடுக்கும்வரை சாமிக்கும் நைவேத்தியம் இல்லை. “38 வருஷம் வாசிச்சவனுக்காக ஈசுவரனே அரை நாள் பட்டினி கெடந்தாரு” என்று அம்மா இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

நாயனம் மங்கள வாத்தியம். சாவு வீட்டில் அதை உறையிலிருந்து எடுக்கக்கூடாது என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். அதனால் மாமா நாயனம் இல்லாமலேதான் போனார். காட்டுக்குப் போனவர்கள் திரும்பி, எல்லோரும் தலை முழுகி, கூடத்தில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தோம். சாயரட்சை, அதாவது சாயங்காலப் பூசை நேரம். கோயிலில் மணி அடித்தது. அதற்கு அடுத்து எது கேட்கும் என்று எங்கள் எல்லோருடைய காதுக்கும் பழக்கம். அது கேட்கவில்லை. டமடமவென்று மின்சார மேளத்தின் சத்தம் வந்தது. அத்தை எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

அந்த மேளம் உபயமாக வந்து மூன்று வருஷம் ஆகிறது. மாமா இருந்தவரை அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவைத்திருந்தீர்கள். அவர் காய்ச்சலில் படுத்த நாட்களில்கூட அதைப் போடவில்லை. போட வேண்டாம் என்று குருக்கள்தான் சொல்லியிருக்கிறார். சாக்கை எடுக்க ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லையே என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை, பூசை மௌனமாக நடக்கக்கூடாதே என்று யாரோ பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்று போட்டது இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. மார்கழி முழுவதும் ஓடியது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நம் ஊரில் மாமா இருந்தவரை, கோயிலுக்குப் போகாதவர்களுக்கும் கோயிலில் என்ன நடக்கிறது என்று தெரியும். மார்கழியில் நாலரை மணிக்குப் பூபாள ராகம் கேட்கும், பிறகு பௌளி. அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும் பெண்களுக்குத் திருப்பள்ளியெழுச்சி ஆரம்பித்துவிட்டது என்று தெரியும். மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் புறப்படும்போது தளிகை மல்லாரி, சாமிக்கென்று நாயனத்தில் வாசிக்கிற உருப்படி. அதைக் கேட்டதும் நாங்கள் பிள்ளைகளெல்லாம் பாண்டி விளையாட்டை அப்படியே போட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடுவோம். சாமி புறப்பாடு என்றால் தவில் அலாரிப்பு முடிந்து கம்பீர நாட்டையில் மல்லாரி எழும்பும். தேருக்குத் தனி மல்லாரி, தீர்த்தவாரிக்குத் தனி மல்லாரி. மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது. வெறும் சொற்கட்டுதான். ஆனாலும் சாமி வாசலைத் தாண்டியாயிற்றா, நாலுகால் மண்டபத்துக்கு வந்தாயிற்றா என்று படுக்கையில் கிடக்கும் கிழவிகள்கூடச் சரியாகச் சொல்வார்கள். எங்கள் அப்பாயி கடைசி இரண்டு வருஷம் கண் தெரியாமல் இருந்தாள். தேர் நிலைக்கு வந்துவிட்டது என்று முதலில் சொல்வது அவள்தான்.

எல்லாம் முடிந்து ராத்திரி பள்ளியறைக்கு நீலாம்பரி, சில நாள் ஆனந்தபைரவி. அந்த வேளைக்குக் கோயிலில் யாரும் இருக்கமாட்டார்கள். குருக்கள், மெய்க்காவல், மாமா, தவில் பெரியவர், இந்த நாலு பேர்தான். மழை நாளில் கரண்டும் போயிருக்கும். ஒரு கைவிளக்கு வெளிச்சத்தில், சாமியையும் அம்பாளையும் தூங்கவைக்கிற வாசிப்பு. கேட்க ஆள் இல்லையே என்று மாமா ஒரு நாளும் ஒரு சங்கதியைக்கூடக் குறைத்ததில்லை. கல்யாணக் கச்சேரியில் கூட்டம் கைதட்டுகிறதே என்று ஒன்றைக் கூட்டியதும் இல்லை. பள்ளியறை வாசிப்பைக் கேட்டால்தான் ஒருவன் நாயனக்காரனா இல்லையா என்று தெரியும் என்பார். நான் கேட்டவரையில் அவருடைய ஆகச் சிறந்த வாசிப்பெல்லாம் அந்த நாலு பேருக்கும் சாமிக்கும் வாசித்ததுதான்.

அந்த மின்சார மேளத்துக்கு விடியற்காலையும் ஒன்றுதான், பள்ளியறையும் ஒன்றுதான். சாமி தூங்கப் போகும்போதும் டமடம. தீபாராதனையில் கற்பூரம் தணியும்போது மாமா சுரத்தை மெல்ல இறக்கிக்கொண்டே வந்து, குருக்கள் தட்டைக் கீழே வைக்கும் இடத்தில் நிறுத்துவார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட மாட்டார்கள். இப்போது குருக்கள் தட்டை வைத்த பிறகும் மேளம் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாராவது ஓடிப்போய் நிறுத்தும்வரை. போன வாரம் வந்திருந்தபோது என் கண்ணால் பார்த்தேன். குருக்கள் தலையைத் திருப்பி அந்தப் பெட்டியைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

தவில் பெரியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 31 வருஷம் மாமாவோடு நின்றவர். நாயனம் இல்லாமல் தவில் மட்டும் என்ன செய்யும்? ஆனாலும் தினமும் சாயரட்சைக்கு வருகிறார். கொடிமரத்துக்குப் பக்கத்தில் உட்காருகிறார். மேளம் ஓடி முடிந்ததும் விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். “விரல்ல கூடு மாட்டி எத்தனை நாளாச்சு தெரியுமா, கையெல்லாம் வேற யாரோ கை மாதிரி இருக்கு” என்றார் என்னிடம், தவில் வாசிக்க விரலில் மாட்டும் உறையைச் சொல்லி. அவர் வருவதையும் போவதையும் நீங்களும் தினம் பார்க்கிறீர்கள்.

இனி மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்த கதை. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

முதல் மூன்று மாதம் அவர் என்னை நாயனத்தைத் தொடவே விடவில்லை. பப்பாளி இலைத் தண்டை வெட்டிக் கொடுத்து, செம்பில் தண்ணீர் வைத்து, ஊதச் சொன்னார். தண்ணீரில் குமிழி அறுபடாமல் ஒரே சீராக வர வேண்டும். பெரிதாகவும் கூடாது, நிற்கவும் கூடாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டே குமிழிச் சத்தத்தைக் கேட்பார். அறுந்தால் நிமிர்ந்து பார்க்காமலேயே “ம், மறுபடி” என்பார். நாலாவது மாதம்தான் சீவாளி, நாயனத்தின் முனையில் செருகி ஊதும் தட்டை. அதைச் சும்மா வாயில் வைத்து ஊதினால் வாத்துக் கத்துவதுபோல் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை ஒரே உயரத்தில் நிறுத்துவதற்கு இன்னும் ஒரு மாதம். “ஆயி, ஓட்டை ஏழுதான். விரல் ஆறு மாசத்துல வந்துரும். மூச்சு வர்றதுக்குத்தான் ஆயுசு ஆகும்” என்பார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், ‘ஆயி’ என்று கூப்பிடும்போது அதில் எவ்வளவு இருக்கிறது என்று.

சீவாளியை அவர் கையாளும் விதத்தை மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஆற்றோரத்துக் கொறுக்கைத் தட்டையில் செய்தது, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். நாயனத்தில் தொங்கும் கயிற்றில் நாலைந்து சீவாளியும் ஓர் ஊசியும் எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும். ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வாயைப் பார்ப்பார். நாக்கில் வைத்து நனைப்பார். ஊசியை விட்டு எச்சில் அடைப்பை எடுப்பார். இரண்டு விரலால் மெல்ல அமுக்கி வாயைத் திருத்துவார். மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார். காலையில் சரியாக இருந்தது சாயங்காலம் இருக்காது. பனிக்கு ஒரு சீவாளி, வெயிலுக்கு ஒன்று. 38 வருஷ வாசிப்புக்குப் பிறகும் தினம் அதே பொறுமையோடு, புதிதாகக் கல்யாணமானவன் பெண்டாட்டி கையைப் பிடிப்பதுபோல அதைப் பிடிப்பார் என்று அத்தை சொல்லிச் சிரிப்பாள்.

அவருடைய நாயனம் நரசிங்கம்பேட்டையில் செய்தது. பழைய வீடு ஒன்றைப் பிரித்தபோது கிடைத்த ஆச்சா மரத்து உத்தரத்தில் கடைந்தது. புது மரத்தில் செய்தால் வெடித்துவிடும், ரெண்டு மூணு தலைமுறை வீட்டைத் தாங்கி நின்ற மரம்தான் மூச்சைத் தாங்கும் என்பார். நாயன மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு நீளமான பாரி நாயனம் செய்துகொடுத்த ரங்கநாதன் ஆசாரியின் ஊர் அது. அங்கே என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மரத்தூள் மணக்கிற பட்டறைத் திண்ணையில் உட்காரவைத்து, ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். திரும்பும் வழியில் கும்பகோணத்தில் இறங்கி, ஆதி கும்பேசுவரர் கோயிலில் இருக்கும் கல் நாயனத்தைக் காட்டினார். 2022-ல் நரசிங்கம்பேட்டை நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, செய்தித்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டினாராம். “குறியீடு குடுத்துட்டாங்க, இனி வாசிக்க ஆளையும் குடுங்கப்பா” என்று டீக்கடையில் சொன்னதை உங்களில் சிலரே கேட்டிருப்பீர்கள்.

பெண் பிள்ளைக்கு எதற்கு நாயனம், கன்னம் உப்பிப் போகும், நாளைக்கு யார் கட்டிக்கொள்வான் என்று அப்பாயி உட்பட எல்லோரும் சொன்னார்கள். மதுரை பொன்னுத்தாய் அம்மாள் வாசிக்கவில்லையா என்று மாமா ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். எனக்குச் சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று ஒழுங்காகப் பாடம் போனது. துத்துகாரம், அதாவது நாக்கால் சுரங்களைப் பிரித்து ஊதுவது, வர ஒரு வருஷம் அடி வாங்கினேன். ஆமாம், அடிப்பார். கோபக்காரர். தாளம் தப்பினால் கையில் இருப்பதைத் தூக்கி எறிவார். அரை மணி நேரம் கழித்து அவரே போய் எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு வருவார்.

1994 திருவிழாவில் ஐந்தாம் நாள் புறப்பாட்டில் நான் அவர் பக்கத்தில் நின்று வாசிப்பதாக இருந்தது. எனக்கு 15 வயது. பாவாடை தாவணி எடுத்தாயிற்று. மல்லாரி பாடம் ஆயிற்று. இரண்டு நாளுக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். சாமிக்கு முன்னால் வயசுக்கு வந்த பெண் நின்று வாசிப்பது வழக்கமில்லை என்றார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டு சரி என்று சொல்லிவிட்டார். அவர்களெல்லாம் இன்றைக்கு இல்லை, பழியாக இதை எழுதவில்லை. ஐந்தாம் நாள் ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து அந்த மல்லாரியைக் கேட்டேன். மறுநாள் நாயனத்தை உறையில் போட்டுக் கட்டி மாமா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு படிப்பு, வேலை, கல்யாணம். 21 வருஷம் நான் அதைத் தொடவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பேச்சே வந்ததில்லை.

2015-ல் ஒரு நாள் திருச்சியில் என் வீட்டுக்கு வந்தார். கையில் அதே உறை. “சும்மா கெடந்தா மரம் செத்துரும் ஆயி” என்று சொல்லி மேசை மேல் வைத்துவிட்டு, காபி குடித்துவிட்டு, பஸ் ஏறிவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் ராத்திரிப் போன். நான் ஒரு ராகத்தை வாசித்துக் காட்டுவேன். அவர் திருத்துவார். பாடம் 20 நிமிடம் என்றால் பேச்சு ஒரு மணி நேரம். என் மகன் பரீட்சையில் தவறியதும், வீட்டுக்கடனும், அலுவலகத்தில் எனக்குக் கிடைக்க வேண்டியது வேறொருவருக்குப் போனதும் முதலில் அவருக்குத்தான் தெரியும். என் கணவருக்கே அடுத்த நாள்தான் சொல்வேன். புத்தி சொல்லமாட்டார். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இரு, இதைக் கேளு” என்று நாலு வரி முகாரியோ சாமாவோ வாயால் பாடுவார். எனக்குப் போதும்.

2020 ஊரடங்கில் கல்யாணங்கள் நின்றுபோயின. நாயனக்காரர்கள் வீட்டில் அடுப்பு எரிவதே முகூர்த்த நாளை நம்பித்தான். கோயில் சம்பளம் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும், அதை இங்கே எழுதி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. பக்தர்களுக்குக் கதவு சாத்தியிருந்த அந்த மாதங்களிலும் மாமா இரண்டு வேளையும் உள்ளே போய் வாசித்தார். வைகாசித் திருவிழா இல்லை, புறப்பாடு இல்லை. ஆனாலும் அந்தந்த நாளுக்குரிய மல்லாரியை வசந்த மண்டபத்தில் நின்று வாசித்துவிட்டு வந்தார். “சாமி போகலைன்னாலும் மல்லாரி போய்ட்டு வரட்டுமே” என்றார். ராத்திரிப் போனில் அதைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அதே போனில்தான் ஒரு நாள், எந்தத் தொடர்பும் இல்லாமல், 1994-ஐப் பற்றிப் பேசினார். “அன்னைக்கு நான் உனக்காக நின்னுருக்கணும். நிக்கல. நாயனத்தைக் கையில குடுத்தா மட்டும் போதாது, வாசிக்க எடத்தையும் குடுக்கணும். அதத் தராதவன் என்ன வாத்தியார்?” என்றார். நான் அதெல்லாம் எதற்கு மாமா இப்போது என்றேன். “இந்தப் பையன் விஷயத்துல அப்படி விடமாட்டேன்” என்றார்.

அந்தப் பையனை உங்களுக்கெல்லாம் தெரியும். செங்கல் சூளையில் வேலை செய்கிறவரின் மகன். 12 வயதில், மாமா வீட்டுத் திண்ணைக்கு எதிரில் வேலியோரமாக நின்று கேட்டுக்கொண்டே இருந்தவனை உள்ளே கூப்பிட்டு, அதே பப்பாளித் தண்டையும் செம்பையும் கொடுத்தார். 10 வருஷம் சொல்லிக்கொடுத்தார். திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் சேர்த்துவிட்டதும் அவர்தான். படிப்பை முடித்துவிட்டு வந்திருக்கிறான். திருவிழாவில் மாமாவுக்குப் பின்னால் சுருதிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான்கு வீதியும் நடந்திருக்கிறான். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அந்த இடத்துக்கு அவனைப் போடலாமே என்று குருக்கள் கேட்டதற்கு, பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. தனியாகச் சிலர் வேறு விதமாகப் பேசுவதும் என் காதுக்கு வந்தது. பரம்பரை இல்லையே என்கிறார்கள். எந்தத் தெரு என்று கேட்கிறார்கள்.

ஐயா, தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1014-ஐ ஒட்டிய காலத்தது. கோயிலில் ஆடிப் பணி செய்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர், நட்டுவம் செய்தவர்கள், பாடியவர்கள், வங்கியம் என்ற குழல் ஊதியவர்கள், உடுக்கை வாசித்தவர்கள் என்று எழுதிக்கொண்டே போகிறது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற கணக்கும் இருக்கிறது. அதோடு இன்னொன்றையும் எழுதிவைத்திருக்கிறார்கள். இவர்களில் ஒருவர் இறந்துபோனால் அடுத்த முறையுடையவர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவருக்கு அந்தத் தகுதி இல்லையென்றால், தகுதி உள்ள இன்னொருவரைக் கொண்டு அந்தப் பணியைச் செய்விக்க வேண்டும். இடம் காலியாகக் கிடக்கக்கூடாது என்பதை, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே யோசித்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இதை எனக்குச் சொன்னதும் மாமாதான். எங்கள் குடும்பத்தில் அடுத்த முறை என்று பார்த்தால் என் மாமன் மகன்கள் இருவர். இருவரும் வெளியூரில் வேறு வேலையில் இருக்கிறார்கள். இருவருக்கும் வாசிக்கத் தெரியாது. அவர்களே அந்தப் பையனைத்தான் போட வேண்டும் என்கிறார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவும் தயார்.

எந்தத் தெரு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாயன மேதை ஷேக் சின்ன மௌலானா சாகிபு ஆந்திரத்திலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். அரங்கன் மேல் உயிரையே வைத்திருந்தார். 1999-ல் அவர் மறைந்த பிறகு அவருடைய பேரப்பிள்ளைகள் வாசிக்கிறார்கள். அவர்களுடைய நாயனத்தைக் கேட்டுக் கைகூப்பி நின்ற நம் ஊர்க்காரர்கள், நம் ஊரிலேயே பிறந்து நம் குளத்திலேயே குளித்து வளர்ந்த பிள்ளையிடம் தெருவைக் கேட்கலாமா? மாமா 10 வருஷம் தன் மூச்சைக் கொடுத்து வளர்த்த பிள்ளை அவன். அவனுடைய நீலாம்பரியில் மாமாவின் காந்தாரம் அப்படியே நிற்கிறது. என் வாசிப்பில் அது வரவில்லை.

நிதி இல்லை, மேலே எழுதி உத்தரவு வாங்க வேண்டும், நாளாகும் என்று நீங்கள் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். உத்தரவு வரும்வரை ஒரு வருஷத்துக்கு அவனுக்கும் தவில் பெரியவருக்கும் ஆகிற சம்பளத்தை நான் தருகிறேன். கோயில் கணக்கில் உபயமாக வரவு வைத்துக்கொள்ளுங்கள். என் பெயரை எங்கும் எழுத வேண்டாம். படத்துக்கும் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கியிருக்கும் தொகையையும் அதில் சேர்த்தால் இன்னும் சில மாதங்களுக்கு வரும். படம் எங்களுக்கு வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டாள். மாமாவுக்கும் போட்டோ எடுத்துக்கொள்வது பிடிக்காது. நீங்கள் பெரிதாக்கி வைத்திருக்கும் அந்தப் படத்தில் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் இருக்கிறார், பார்த்திருப்பீர்கள்.

அந்த மின்சார மேளத்தைக் கொடுத்தவர் நல்ல மனத்தோடு கொடுத்தார். அவரிடம் நானே போய்ப் பேசுகிறேன். ஆள் வர முடியாத நாளுக்கு அது இருக்கட்டும். ஆனால் பள்ளியறைக்கு மட்டும், தயவுசெய்து, ஒரு நாளும் அதைப் போடாதீர்கள். ஆள் இல்லாவிட்டால் மணி மட்டும் அடிக்கட்டும்.

மாமாவின் நாயனம் இப்போது என்னிடம் இருக்கிறது. வாரம் ஒரு முறை எண்ணெய் போட்டுத் துடைத்துவைக்கிறேன். கயிற்றில் நாலு சீவாளி. அவர் கடைசியாக வாசித்தது எது என்று தெரியவில்லை, அதனால் எதையும் நான் வாயில் வைக்கவில்லை. மாசி மகத்தன்று காலைப் பேருந்தில் வருகிறேன். எனக்கு ஒதுக்கியிருக்கும் 10 நிமிடத்தில் நான் பேசப் போவதில்லை. தீர்த்தவாரிக்குச் சாமி புறப்படும்போது நாயனத்தை அந்தப் பையன் கையில் கொடுக்கிறேன். நீங்கள் அவனை வாசிக்கச் சொல்ல வேண்டும். தவில் பெரியவரிடம் நேற்றுப் பேசினேன். புதுக் கூடு செய்து காயவைத்திருக்கிறாராம்.

இப்படிக்கு,
வடக்கு வீதி நாயனக்காரரின் அக்கா மகள், அவருடைய மாணவி
திருச்சி